இரண்டு பாசிட்டிவ்

சாய்ன்ஷந்த் ரயில்வே ஆஸ்பத்திரியில்
மூன்று தாள்களைக் கையில் கொடுத்தார்கள்:
எனக்கொன்று, செவெக்மித்துக்கு ஒன்று,
ஒன்பது வயது தெமூலேனுக்கு ஒன்று.
விளக்கம் சொல்லவேண்டிய மருத்துவர்
உலான்பாத்தர் போயிருந்தார்.
வியாழன்தான் வருவார்.

வியாழன் வரை நாங்களே வாசித்தோம்.

என் தாளில் இரண்டு பாசிட்டிவ்.
அவன் தாளிலும் இரண்டு.
"சரிக்குச் சரி" என்றான்,
சீட்டாட்டத்தில் சொல்கிற அதே குரலில்.
பையனுக்கு ஒன்று.
அந்த ஒன்றுக்காக
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என் கிண்ணத்தின் அடிக்கட்டில்
சிவப்பு நூல் சுற்றினேன்.
உப்புப் போட்ட பால்தேநீரைத்
தனியே திரும்பி நின்று குடித்தேன்.

மைனஸ் இருபத்தேழில்
தண்டவாளத்தைத் தட்டிப் பார்ப்பது என் வேலை.
சுத்தியல் பட்டு எழும் ஓசையிலேயே
விரிசல் தெரிந்துவிடும்.
இந்த உடம்பை மட்டும்
எங்கே தட்டிக் கேட்பதென்று தெரியவில்லை.

வியாழனும் மருத்துவர் வரவில்லை.
இரத்தம் எடுக்கும் ஹந்த்சுரேன்
தன் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்தாள்.
"எத்தனை என்று எண்ணாதீர்கள்.
எந்த வரியில் என்று பாருங்கள்."

முதல் வரி, வைரஸின் மேல்சட்டை.
சட்டை இரத்தத்தில் மிதந்தால்
ஆள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறான்.
இரண்டாவது,
அந்தச் சட்டையைக் கண்டதும் மடக்கிப் பிடிக்கும் காவல்.
மூன்றாவது தழும்பு மாதிரி.
வைரஸே ஒருமுறை உள்ளே வந்திருந்தால்தான் விழும்.
தடுப்பூசியால் விழாது;
ஊசியில் இருப்பது வெறும் சட்டை, ஆள் இல்லை.

பையனுக்கு நடு வரி மட்டும்.
பிறந்த அன்று தொடையில் குத்திய ஊசி
இன்னும் தூங்காமல் நிற்கிறது.
அதற்கா அழுதேன்!

எனக்கு நடுவும் கடைசியும்.
முதல் வரி காலி.
"வந்திருக்கிறது, போய்விட்டது" என்றாள். எப்போது?

பத்தொன்பது வயதில், புழுதிக்காற்று மாதத்தில்
கண் மஞ்சளித்து, இறைச்சி வாசனை குமட்டி
மூன்று வாரம் படுத்துக் கிடந்தேன்.
புழுதி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.
நானும் அப்படித்தான் நம்பினேன்.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
இந்த உடம்பு ஒரு வழக்கை நடத்தி, வென்று,
தீர்ப்பை இரத்தத்தில் எழுதிவைத்துவிட்டு
மறந்தே போயிருக்கிறது.

சிரித்தபடி அவன் பக்கம் திரும்பினேன்.
செவெக்மித் தன் தாளை
நாலாக மடித்துக்கொண்டிருந்தான்.
முதல் வரி. மூன்றாம் வரி.
நடுவில் நெகட்டிவ்.

ஹந்த்சுரேன் அவசரப்படவில்லை.
ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும்;
அப்போதும் முதல் வரி நின்றால்
நாள்பட்டது என்று அர்த்தம்.
இன்றைக்கு இன்னும் இரண்டு குப்பி:
வைரஸ் எவ்வளவு என்று அளக்க ஒன்று,
கல்லீரல் நோகிறதா என்று பார்க்க ஒன்று.
"நாள்பட்டதென்றாலும் மருந்து உண்டு.
எல்லோருக்கும் உடனே தேவைப்படுவதில்லை.
ஆனால் வராமல் இருந்துவிடாதீர்கள்."

சட்டைக் கையை மடக்கினான்.
நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது.
"சரிக்குச் சரி இல்லை போலிருக்கிறதே"
என்றான், குப்பியைப் பார்த்தபடி.

வீட்டில் என் கிண்ணத்தை எடுத்து
நூலின் முடிச்சை நகத்தால் நெருடினான்,
தன் கிண்ணத்துக்கு மாற்ற.
நான் பல்லால் கடித்து அறுத்தேன்.
"தேநீரில் பரவாது என்று
அவள் உன்னிடமும்தானே சொன்னாள்?
சவரக்கத்தியை மட்டும் தனியே வை."

ஒரே கிண்ணத்தில் ஊற்றினேன்.
பதினொன்றே முக்கால் சரக்கு வண்டி போனது,
பாலாடை நடுங்கியது.
வண்டி முழுதும் கடக்கும்வரை
இருவரும் பேசவில்லை.

என் நடு வரி உனக்கும் ஆகுமென்றால்
தாளோடு கிழித்துக் கொடுத்திருப்பேன், செவெக்மித்.
ஆகாதாம். அதையும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.
உன் பக்கத்தில் பயமில்லாமல் படுக்க
எனக்கு உதவும், அவ்வளவுதான்.

சுவரில் புதுக் காலண்டர்.
ஜூலைத் தாளைத் தேடிப் பிரித்து
ஓரத்தை மடக்கினான்.